பஸ்ஸுக்குப் பின்னால் கட்டிய கார்

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயாப் பக்கம் இறங்கும் ரோட்டில் எங்கள் கராஜ் இருக்கிறது. முன்பக்கம் என் வீட்டுக்காரரின் டிங்கரிங், வெல்டிங். பின்பக்கச் சின்ன அறையில் என் குஷன் வேலை. ஆட்டோவுக்கு ஹூட் தைப்பேன், பஸ் சீட்டுக்கு உறை போடுவேன், லொறியை மூடும் படங்குத் துணிக்கு ஒட்டுப் போடுவேன். இந்த வேலையில் இந்தப் பக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. கோபமும் உண்டு. மூக்குக்கு மேலே வரும், ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். அது தெரிந்த ஆட்டோக்காரர்கள் முதலில் பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஹூட் ஒழுகுகிறது என்று சொல்வார்கள்.

அன்றைக்கும் முதலில் வந்தது கோபம்தான். கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு பழைய சின்ன பஸ் வந்து வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. "அண்ணே, இது பஸ் ஸ்டாண்டு இல்ல. நாங்க கடையத் தொறக்கிறதா, மூடுறதா?" என்று கத்தினேன். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிய மனிதர் சிரித்துக்கொண்டே பின்னால் போனார். பஸ்ஸின் பின்கதவு திறந்தது. ஒரு இரும்புப் பலகை மெதுவாகத் தரைக்கு இறங்கியது. அதன் மேலே சக்கர நாற்காலியில் ஒரு பெண், மடியில் சுருட்டிய பிரவுன் பேப்பரோடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒரு கார் தைக்கணும், அதான் வந்தோம்" என்றாள்.

கார் தைக்கணுமாம். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்னைவிட மோசமாக முழித்துக்கொண்டிருந்தார்.

அந்த பஸ்தான் அவர்களுடைய வீடு. அவளுடைய வீட்டுக்காரர் கொழும்பு ரோட்டில் வருஷக்கணக்காகத் தனியார் பஸ் ஓட்டியவர். பழைய பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றி, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, நாற்காலியோடு போகக்கூடிய கக்கூஸ் எல்லாம் வைத்திருந்தார். ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். காலால் மிதிக்க வேண்டாம், முழங்கையால் தட்டினால் ஓடும். இரண்டு பேரும் வலப்பனை, உடப்புசல்லாவை என்று சந்தை கூடும் ஊர்களாகப் போய் நின்று, பள்ளிக்கூட யூனிஃபோர்மும் பிளவுஸும் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். நான் உள்ளே ஏறிப் பார்த்தேன். என் வீட்டு அடுப்படியைவிட அது சுத்தமாக இருந்தது. அதுவே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

பிளேன்டீ குடித்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள். பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது தம்பி ஒருவன். கொழும்பில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, துணி வெட்டுவதற்கு முன் பேப்பரில் பாகம் பாகமாக அளவு வரைந்து கொடுக்கும் ஆளாக உயர்ந்து, தம்பியைப் படிக்க வைத்தாள். இப்போது அவன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார். ஒரு தீபாவளிக்கு அவள் ஊருக்குப் போனபோது, தோட்டத்து ரோட்டில் ஆட்டோ புரண்டது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

"நாலு பேரு கம்பளியில போட்டு என்னையத் தூக்கிட்டு எறங்குனாங்க. லயத்து வீடுகள்ல எல்லாரும் வாசல்ல நின்னு பாத்தாங்க. எங்க தோட்டத்துல அப்புடித் தூக்கிட்டுப் போனா ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, இல்லாட்டிக் குழிக்கு. அன்னைக்கே நெனச்சேன், இனி தோட்டத்துக்கு மேல ஏறிப் போனா நானாத்தான் போகணும், யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு. இன்னும் போகலக்கா."

இப்போது தம்பிக்குக் கல்யாணம். தோட்டத்து அம்மன் கோயிலில் தாலி கட்டு. மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டால், மிச்ச இரண்டையும் போட வேண்டியவள் கூடப் பிறந்தவள். அவனுக்குக் கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான்.

பஸ் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரி வரைக்கும் போகும். அதற்கு மேலே முதல் முடக்கு வளைவிலேயே திரும்பாது. ஆட்டோவில் போகலாம்தான், ஆனால் அதில் அவளை யாராவது தூக்கித்தான் வைக்க வேண்டும். ஆகவே அவளுக்கு வேண்டியது இதுதான்: அவளாகவே நாற்காலியிலிருந்து நகர்ந்து ஏறி, கையாலேயே ஓட்டிக்கொண்டு போகிற ஒரு சின்னக் கார். தூரப் பயணத்துக்கு அவள் முதுகு தாங்காது, பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டு வருவாள். கார் பஸ்ஸுக்குப் பின்னால் கட்டி இழுபட்டு வர வேண்டும். ஃபேக்டரிக்கு வந்ததும் அவிழ்த்து அவளிடம் கொடுத்தால் போதும்.

"கல்யாணம் சித்திரையில. முடியுமாண்ணே?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். முடியாது என்று சொல்லத் தெரியாத மனுசன். அதனாலேயே எங்கள் கராஜில் பாதி வேலை பாதியில் நிற்கும். "பாப்போம் தங்கச்சி" என்றார். அவர் பார்ப்போம் என்றால் நான் வாயைத் திறந்து பிரயோசனமில்லை.

முன்பக்கம் நசுங்கிப்போன ஒரு பழைய இந்தியச் சின்னக் கார் எங்கள் கொல்லையில் கிடந்தது. வண்டிப் புத்தகம், நம்பர் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதை வெட்டிச் சுருக்கிச் செய்வது என்று முடிவாயிற்று. உடனே என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு காரை அளக்கப் போனார்.

"அண்ணே, காரை அப்புறம் அளக்கலாம். மொதல்ல என்னைய அளங்க" என்றாள் அவள்.

கராஜ் தரையில் ஒரு பலகையைப் போடச் சொன்னாள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றி, ஒரு வழுவழுப்பான மரத்துண்டின் மேல் சறுக்கி, தானாகவே பலகையில் இறங்கி உட்கார்ந்தாள். ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்து, முதுகை வளைக்காமல், இரண்டு கையையும் எட்டுகிற மட்டும் நீட்டித் தரையில் ஒரு அரை வட்டம் போட்டாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பக்கவாட்டில் ஒரு அட்டையைப் பிடிக்கச் சொல்லி, மேலும் கீழும் எட்டுகிற அளவுக்கு அதிலேயும் ஒரு கோடு இழுத்தாள். "இந்தக் கோட்டுக்குள்ள எல்லாம் இருக்கணும். ஸ்டியரிங்கு, பிரேக்கு, கதவுப்பிடி, மடக்குன நாற்காலி. கோட்டுக்கு வெளிய இருக்கிறது எனக்கு இல்லாததுதான்."

எத்தனையோ பேர் எங்களிடம் வண்டி கொண்டுவந்து, அப்படி வேண்டும் இப்படி வேண்டும் என்று பந்தா காட்டியிருக்கிறார்கள். தன் உடம்பை இவ்வளவு கூச்சமில்லாமல் ஒரு சட்டைத் துணியைப் போலப் பார்த்து அளவு சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு அந்த பிரவுன் பேப்பர்ச் சுருளைப் பிரித்தாள். காரின் ஒவ்வொரு தகடும் அதில் முன்பாகம், பின்பாகம், கை, காலர் என்பதுபோல் தனித்தனியாக வெட்டியிருந்தது. அவற்றைப் பழைய காரின் மேல் செலோடேப்பால் ஒட்டிப் பார்த்தாள். கூடினால் கத்தரித்தாள், குறைந்தால் ஒட்டுப் போட்டாள். கடைசியில் எங்கள் கராஜுக்குள் ஒரு பேப்பர்க் கார் நின்றது. அதற்குள் அவள் ஏறி உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தள்ளி, இல்லாத கியரைப் போட்டுப் பார்த்தாள். ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் என் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஸ்டியரிங்குக்குக் கீழே வலக்கைப் பக்கம் ஒரே கம்பியில் வைப்பது என்றார் என் வீட்டுக்காரர். தள்ளினால் ஓடும், இழுத்தால் நிற்கும். அவள் வேண்டாம் என்றாள். "மாத்தி வைங்கண்ணே. பயந்தா மனுசன் எதையும் தள்ளத்தான் பாப்பான். தள்ளுனா நிக்கட்டும்."  அவர் வெறும் கையைக் காற்றில் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படியே செய்தார். கிளச்சை மோட்டார் சைக்கிள் லீவர் மாதிரி கியர்க் கம்பியிலேயே பொருத்தினார். பஸ்ஸோடு கட்டுகிற முக்கோணக் கம்பியிலும் ஒரு வேலை செய்தார். இறக்கத்தில் பஸ் நின்று கார் பின்னாலிருந்து முட்டினால், அந்த முட்டலிலேயே காரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். டிராக்டர் இழுக்கும் பெட்டியில் பார்த்த விஷயமாம். என் புருஷனுக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கொஞ்சம் முட்டிக்கொண்டது. சக்கரத்துக்கு மேலே வரும் மட்கார்டுத் தகட்டை வெட்டும்போது, உள்பக்கம் நாலு விரல் அகலம் கூட விட்டு மடித்துவிடச் சொன்னாள். "எதுக்கு தங்கச்சி, தகடு வீணாப் போகுது, பாரமும் கூடும்" என்றார். "யூனிஃபோர்ம் தைக்கிறப்ப உள்ள துணி விட்டுத்தான்ணே தைப்போம். வளந்தா பிரிச்சு விடலாம்." அவர், "காரு வளருமா?" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே மடித்தார்.

எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தது சீட்டில். கறுப்பு ரெக்ஸீன் போட்டு, நடுவில் இரண்டு வரிசை தையல் ஓட்டி, ஓரத்துக்குச் சிவப்புப் பைப்பிங் வைத்து, என் கைத்திறமை எல்லாவற்றையும் காட்டி ஒரு சீட்டுச் செய்தேன். அவள் கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்குக்கா. ஆனா இது வேணாம்" என்றாள். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. பிரித்து இன்னொன்று செய்தேன். அதையும் தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, நீ என்னா தையல் பரீட்சையா வைக்கிற? என் சீட்டுல மினிஸ்டர்மாரு உக்காந்திருக்காங்க" என்றேன். மினிஸ்டர் யாரும் உட்காரவில்லை. கோபத்தில் வந்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்து அந்தத் தையல் வரிசையின் மேல் வைத்தாள். "இந்த மேடு உங்களுக்கு உறுத்துனா நகந்து உக்காருவீங்க. எனக்கு உறுத்துறது தெரியாதுக்கா. புண்ணு வந்தாலும் தெரியாது. ரத்தம் பாவாடையில பட்ட பொறகுதான் தெரியும். ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில மாசக்கணக்குல குப்புறப் படுத்துக் கெடந்தேன்."

 அன்றைக்குப் பிளேன்டீ தேவைப்படவில்லை, கோபம் அப்படியே அடங்கிப்போனது. தையலே இல்லாத சீட்டு எப்படிச் செய்வது என்று யோசித்து யோசித்து, சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. கடைசியில் மெதுமெதுப்பான ஸ்பஞ்சின் மேல் ஒரே துண்டுத் துணியை இழுத்துப் போர்த்தி, தையல் எல்லாவற்றையும் அடிப்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். அவள் தடவினாள், ஏறி உட்கார்ந்தாள். பிறகு, "எங்க ஃபேக்டரியில கூட இப்புடி ஒரு வேல பாத்ததில்லக்கா" என்றாள். எனக்கு இப்போதும் அந்த வார்த்தையை நினைத்தால் நெஞ்சு நிறையும்.

கார் முடிந்தது. கூரைத் தகட்டை எடுத்துவிட்டுப் பாரம் குறைய நான் தைத்த ஹூட். கதவு அகலமாகப் பின்னால் திறக்கும். பச்சை நிறம். பார்ப்பதற்கு ஒரு பெரிய தவளை மாதிரி இருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் கட்டி நோர்வுட் பக்கம் இழுத்துப் போய்ப் பார்த்தார்கள். முடக்குகளில் பஸ்ஸின் பின்னாலேயே தானாகத் திரும்பி வந்தது. கடைத்தெருவில் ஒரு ஆள், "என்னா, பஸ்ஸு குட்டி போட்டிருச்சா?" என்று கேட்டாராம்.

இனி தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது. நாங்களும் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டு நுவரெலியா வழியாகப் போனோம். ஃபேக்டரி முற்றத்தில் காரை அவிழ்த்தோம். விடிய மழை பெய்து நின்றிருந்தது. அவள் ஏறி, கம்பியை இழுத்தாள். கார் கிளம்பியது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நடந்தோம்.

எங்கே தவறினோம் என்று சொல்ல வேண்டும். மலையகத்தில் எந்த ரோட்டைப் பற்றிக் கேட்டாலும் ஒரே கேள்விதான்: ஆட்டோ போகுமா? ஆட்டோ போகும் என்றால் அது ரோடு, போகாது என்றால் அது நடை பாதை. ஆகவே அவளுடைய வீட்டுக்காரரும் என்னுடையவரும் கலந்து பேசி, காரின் அகலத்தைச் சுருக்கிக் கச்சிதமாக ஆட்டோ அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆட்டோ போகிற இடமெல்லாம் நம்முடையதும் போகும் என்று எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை.

அந்த ரோட்டிலோ, அவள் அடிபட்டுப் போன பிறகு, டிராக்டருக்காகக் கொங்கிறீட் போட்டிருந்தார்கள். ஏற்றத்தில் இரண்டு சக்கரத்துக்கு இரண்டு கொங்கிறீட் பட்டை, நடுவில் புல் மேடு, மேட்டுக்கு இரண்டு பக்கமும் மழை அரித்த பள்ளம். ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். அது நடுமேட்டில் ஓடும், பின்சக்கரம் இரண்டும் பட்டையின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஏறிவிடும். எங்கள் காருக்கு முன்னாலும் இரண்டு சக்கரம். இரண்டாவது முடக்கில், ஈரத்தில், முன்சக்கரம் இரண்டும் விளிம்பிலிருந்து வழுக்கிப் பள்ளத்தில் இறங்கின. வயிறு மேட்டில் குந்தியது. கார் சாய்ந்துகொண்டு நின்றது. பக்கத்திலேயே சரிவு.

 ஆட்டோ புரண்டதும் அதே ரோட்டில்தான். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சாக்குகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவளைப் பார்த்ததும், பேரைச் சொல்லிச் சத்தம் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டிக்கொண்டு கதவுக்கு வந்தார்கள். அவள் கம்பியைத் தள்ளிப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. 

"என்னையத் தொடாதீங்க. தூக்குறதுன்னா காரைத் தூக்குங்க."

அந்தப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அதில் வயதான ஒருத்தி, "அவ சொல்றது சரிதான். பிடிங்கடி" என்றாள். அவ்வளவுதான். இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, எங்கள் வீட்டு ஆம்பளைகள் இரண்டு பேரும் கை கொடுக்க, அவள் உள்ளே இருக்க இருக்கவே காரைத் தூக்கிப் பட்டையில் வைத்தார்கள். நானும் பிடித்தேன். அப்படியே பின்பக்கமாக ஃபேக்டரிக்கு இறக்கினாள். இறக்கி நிறுத்திய பிறகுதான் அழுதாள்.

அன்று பின்னேரம் தம்பி ஓடி வந்தான். நுவரெலியாவில் ஒரு மண்டபம் எடுத்துக் கல்யாணத்தை அங்கே மாற்றிவிடலாம், பெண் வீட்டிலும் பேசிவிட்டேன் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னால எதையும் மாத்தாத. நான் வரலன்னா பெரியப்பா மக இருக்கா, அவ முடிச்சுப் போடட்டும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பஸ் ஹட்டனுக்குத் திரும்பியது. வழியெல்லாம் எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பெரியப்பா மகள் முடிச்சுப் போடவா இவள் கொழும்பில் கிடந்து உழைத்து அவனைப் படிக்க வைத்தாள்?

என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வரும்போதே பட்டைகளின் இடைவெளியை அளந்துகொண்டு வந்திருந்தார். சக்கரங்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளினால் பட்டையின் நடுவில் ஓடும். அதற்கு வழி இருக்கிறது என்றார். ஆனால் சக்கரம் வெளியே வந்தால் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஈரச் சேறெல்லாம் அவள் முகத்தில் அடிக்கும், புதிதாகத் தகடு வெட்டி ஒட்ட நாள் போதாது. இதைச் சொல்லிக்கொண்டே மட்கார்டுக்குள் கையை விட்டவர், அப்படியே நின்றுவிட்டார். மடித்து விட்ட நாலு விரல் தகடு அவர் கையில் பட்டிருக்கிறது.

"இந்தாம்மா, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். "பிரிச்சு விடலாம். இந்தப் பொண்ணு இதுக்கும் துணி விட்டுத்தான் வச்சிருக்கு."

அவளுக்கே ரோடு இப்படி என்று அப்போது தெரியாது. எது தப்பாகப் போகும் என்று தெரியாவிட்டாலும், ஏதாவது தப்பாகப் போகும், அப்போது பிரித்துவிட இடம் வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் மடிப்பைத் தட்டித் தட்டி வெளியே இழுத்தார். நான் ஹூட்டின் ஓரத்தை அவிழ்த்து நீட்டித் தைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். தவளை இன்னும் கொஞ்சம் பரந்த தவளையாக ஆயிற்று.

மறுபடி ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை. கல்யாணத்தன்றுதான் ஓட்டிப் பார்ப்பது.

அன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. ஃபேக்டரி முற்றத்தில் பஸ்ஸை நிறுத்தி, காரை அவிழ்த்தோம். அவள் அரக்குப் பட்டுக் கட்டியிருந்தாள். பின்னல் நிறையப் பூ, நான் வைத்துவிட்டது. நாற்காலியிலிருந்து மரத்துண்டில் சறுக்கி ஏறி, நாற்காலியை மடித்துப் பக்கத்தில் இழுத்து வைத்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் ஹூட்டைத் தட்டிவிட்டு ஒதுங்கினார்.

முதல் முடக்கு. இரண்டாவது முடக்கு. கார் முன்பு குந்திய இடத்தில் என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் குனிந்து சக்கரத்தையே பார்த்தபடி பக்கத்தில் ஓடினார். பட்டையின் நடுவில் வைத்தது வைத்தபடி ஏறியது. லயத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கை மட்டும் ஆட்டினார்கள். அவள் முன்னால் பார்த்தபடியே, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனாள். நான் மூச்சு வாங்கப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு ராணி போகிற மாதிரி இருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ரோடு முடிகிற இடத்தில் கார் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மன் கோயில் மேலே மேட்டில். அதற்கு ஏற ஏழெட்டுக் கருங்கல் படி.

 பேப்பரில் கார் செய்து, தகட்டில் கார் செய்து, பிரித்து, நீட்டி, இத்தனை பேர் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். படியைப் பற்றி ஒருத்தருக்கும் நினைப்பு வரவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பொரிந்தேன். "படி இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ரோடு ரோடுன்னு அளந்தீங்களே." அவர் பாவம், பட்டுச் சட்டையில் கிறீஸ் கறையோடு, அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் யாரையும் தொடவிட மாட்டாள் என்று அந்தத் தோட்டத்தில் தெரியாத ஆள் இல்லை. மணமேடைக்குப் பக்கத்தில் பெரியப்பா மகள், பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள்.

"ஏன்க்கா அண்ணனைத் திட்டுறீங்க" என்றாள் அவள், காருக்குள்ளிருந்து. சிரித்துக்கொண்டிருந்தாள். "படி இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் பொறந்த தோட்டம்."

பிறகு ஹார்னை அடித்தாள். நீளமாக, ஒரே அடி.

மணையில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்துவிட்டான். பூசாரி, "மாப்ள, காப்புக் கட்டியாச்சு, எந்திரிக்கக் கூடாது" என்றார். அவன் காதில் வாங்கவில்லை. மாலையும் வேட்டியுமாகப் படியில் இறங்கி ஓடி வந்து, காருக்கு முன்னால் நின்றான். கதவைத் திறந்தான். ஆனால் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். தொடுவதற்குப் பயம்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற. தூக்கு" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "அக்கா, நீதானே யாரும்..."

"கல்யாண வாசல் வரைக்கும் நானா வந்துட்டேன்ல. இனி உள்ள கூட்டிட்டுப் போறது உன் வேல. வந்தவள வாசல்லயே நிக்க வைப்பியா?"

அவன் குனிந்தான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாலை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. படி ஏறும்போது, "மெதுவாடா, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க" என்று அவள் சொன்னது கீழே நின்ற எங்களுக்கும் கேட்டது. மேளம் மறுபடி ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் கிறீஸ் கையால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

மணமகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். பெரியப்பா மகள் ஓடிப்போய் அவள் முதுகுக்குத் தன் காலை முட்டுக் கொடுத்து நின்றாள். தம்பி முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவது, மூன்றாவது முடிச்சை அவள் போட்டதைக் கோயிலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. முன்வரிசையில்தான் நின்றேன், ஆனால் கண்ணெல்லாம் தண்ணீர், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.